இருபத்தேழு குதிரைகள்

எர்மொசீயோவில் ஜூன் மாதம்
நாய்கள் பத்து மணிக்கே
லாரிகளுக்கு அடியில் போய்ப் படுத்துவிடும்.
பிற்பகல் மூன்று. நாற்பத்தாறு டிகிரி.
நெரெய்தாவின் பட்டறைத் தகரக் கூரை
டக், டக்கென்று விரிந்துகொண்டிருந்தது.

எவரிஸ்தோ தன் பழைய ஜெட்டாவை
உருளைகளின் மேல் ஏற்றினான்.
நான்கு பட்டைகளில் கட்டுண்ட கார்
எங்கும் போகாமல்
மூன்றாம் கியரில் அலறியது.
எதிரே ஆளுயர மின்விசிறி
அடுப்பங்காற்றை அதன் முகத்தில் வாரி இறைத்தது.

திரையில் ஏறிய கோடு
இருநூற்று எழுபத்தொன்றில்
தலை சாய்ந்தது.

"ஜனவரியில் முந்நூறைத் தாண்டியது.
என் குதிரைகளை யார் ஓட்டிப் போனது?"
நாளை வாங்க வருகிறவன்
குதிரைக்கு இவ்வளவு என்று விலை பேசியிருந்தான்.
அந்தப் பணத்தில் குவாய்மாஸில்
ஒரு இறால் படகில் பங்கு.

நெரெய்தா மூடியைத் திறந்து,
"இன்டர்கூலரைத் தொட்டுப் பார்" என்றாள்.
தொட்டான். விரலை வாயில் வைத்துக்கொண்டான்.

டர்போ காற்றைத் திணிக்கிறது, உண்மைதான்.
மானியும் பொய் சொல்லவில்லை.
ஜனவரியில் காட்டிய அதே அழுத்தம், முள் பிசகாமல்.
ஆனால் அழுத்தம் என்பது நெரிசல்;
தலைக்கணக்கு அல்ல.
முழங்கையை விரித்து முப்பது பேர் நின்றாலும்
பஸ் நிறைந்துதான் தெரியும்.
சூடேறிய காற்று அப்படித்தான் நிற்கிறது,
தானும் நகராமல், அடுத்தவனுக்கும் இடம் விடாமல்.

இன்டர்கூலர் பாவம், என்ன செய்யும்?
வெளிக்காற்றிடம் குளிர்ச்சியைக் கடன் கேட்க வேண்டும்.
வெளிக்காற்றே கடனில் கிடக்கிறது.

சிலிண்டருக்குள்ளோ
தீப்பொறி வரும்வரை பொறுக்காத பெட்ரோல்
ஓரத்தில் தானே வெடிக்கப் பார்க்கும்.
அந்தச் சின்னச் சுத்தியல் சத்தம்
நம் காதுக்கு எட்டுமுன்
கணினிக்கு எட்டிவிடும்.
உடனே அது பொறியைக் கொஞ்சம் பின்தள்ளும்.
இன்னும் கொஞ்சம்.
பிழைத்துக் கிடந்தால் போதும் என்று.

"விடியுமுன் வா" என்றாள்.

அவன் போகவே இல்லை.
கண்ணாடிகளை இறக்கிவிட்டு
காரிலேயே புரண்டு கிடந்தான்.

அதிகாலை நான்கு பத்து. இருபத்து நான்கு டிகிரி.
அதே கார். அதே பெட்ரோல்.
இடது கதவில் அதே நெளிசல்.
இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு.

எந்தக் கள்ளிக்காட்டிலிருந்தோ
இருபத்தேழு குதிரைகள் இருட்டில் திரும்பி வந்து
சத்தமில்லாமல் லாயத்தில் நின்றன.
என் மொழியில் ஒரு கதை உண்டு,
பகலில் வந்த பரிகள்
நள்ளிரவில் நரிகளாகி ஊளையிட்டு ஓடிய கதை.
இங்கே நேரம் தலைகீழ். ஊளையும் கிடையாது.
வெயில் வந்தால் இல்லை, அவ்வளவுதான்.

வெப்பத்துக்கு ஈடுகட்டும் பெருக்கல் ஒன்று உண்டு.
மற்ற பட்டறைகளில் எவருக்கும் தெரியாமல் அது நடக்கும்.
நெரெய்தா பெருக்குவதில்லை.
தாள் வெளியே வந்ததும்
எண்ணுக்குப் பக்கத்தில் பேனாவால் எழுதினாள்:
4:10. 24 டிகிரி.

"அது எதற்கு?
எண் மட்டும் போதுமே."

"உன்னுடையது எண்.
காற்று உன்னுடையது இல்லையே."

அவன் சிரிக்கவில்லை.
"அவன் மூன்று மணிக்குத்தான் வருவான்" என்றான்,
யாரிடமோ சொல்வதுபோல.

அவள் இழுப்பறையைத் திறந்து
நேற்றைய தாளையும் எடுத்தாள்.
அதிலும் எழுதியிருந்தது, அதே நீல மையில்:
3:00. 46.

சட்டைப் பையில் ஒன்று,
கால்சட்டைப் பையில் ஒன்று.
எது எதில் என்று அவள் பார்க்கவில்லை,
பட்டைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

ஜெட்டா தெருமுனையில் திரும்பியபோது
டர்போவின் சீழ்க்கை சுத்தமாகக் கேட்டது.
கிழக்கே மலை விளிம்பு வெளுத்தது.

கூரையில்
முதல் டக்.